மட்டை தூக்காத மத்தியஸ்தர்

ஜெயரட்ணம் அண்ணையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அவரைச் சுற்றி நின்ற சனத்தின்மேல் முக்கால்வாசி, அவர்மேல் கால்வாசி. ஒரு மனுசன் என்றால் வாழ்நாளில் ஒருமுறையாவது வாயைத் திறந்து நல்ல தூசணத்தால் ஏச வேண்டாமா? ஒக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கிப் பகுதியில் ஒரே பண்டகசாலையில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், நான் பெட்டிகளுக்கு நாடா ஒட்டினேன். மேற்பார்வை பார்த்த வெள்ளைக்காரன் அவரை "ஏய் ஜெய்" என்று நாயைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடுவான். இவர் சிரித்துக்கொண்டே போவார். நானாக இருந்தால் அந்த ஃபோர்க்லிஃப்டை அவன் காலில் ஏற்றியிருப்பேன்.

ஆனால் சனி ஞாயிறு வந்துவிட்டால் ஆளே வேறு. கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, கழுத்தில் விசில். நியூசிலாந்துக்கு வந்த இரண்டாம் வருசமே உதைபந்தாட்ட மத்தியஸ்தர் சோதனை எழுதிச் சித்தியடைந்தவர். ஒக்லாந்தின் தெற்குப் பக்கம் எந்தச் சேற்று மைதானத்துக்குப் போனாலும் அவர் நடுவில் ஓடிக்கொண்டிருப்பார். "எனக்குக் கட்டின தாலிக்கொடியைவிட அந்த விசில் கயிறுதான் இவருக்குப் பெரிசு" என்று அவருடைய மனிசி குணவதி அக்கா புறுபுறுப்பார். அதில் பொய்யில்லை. கயிற்றைத் தோய்த்துக் காயவைப்பது அவரேதான், மனிசியைத் தொடவிடமாட்டார்.

அவரைப் பற்றி மைதானங்களில் ஒரு பகிடி இருந்தது. முரட்டாட்டம் ஆடினால் மத்தியஸ்தர் மஞ்சள் மட்டை காட்டுவார், இன்னும் மோசம் என்றால் சிவப்பு மட்டை காட்டி வெளியே அனுப்புவார். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜெயரட்ணம் அண்ணையின் பையிலும் இரண்டு மட்டைகள் இருந்தன. ஆனால் அவை வெளியே வந்ததை எவரும் கண்டதில்லை. குற்றம் செய்தவனைக் கிட்டக் கூப்பிடுவார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தில் மெல்ல ஒரு பிரசங்கம் செய்வார். மூக்கில் இரத்தம் வடிய நின்ற ஒரு தொங்கா தீவுப் பெடியன் "ஐயோ, மட்டையைக் காட்டிப்போட்டு ஆளை விடு" என்று கெஞ்சியதை நானே பார்த்தேன். வெளியே அனுப்ப வேண்டியவனைக்கூடத் தோளில் கைபோட்டு எல்லைக்கோடுவரை கூட்டிக்கொண்டு போய் விடுவார். மேலிடத்தில் இருந்து பார்க்க வந்தவர்கள், இந்த ஆளுக்கு மட்டை தூக்கக் கை வராது என்று எழுதிக் கொடுத்து, அவரைக் கடைசித் தர ஆட்டங்களிலேயே வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. "மட்டை தூக்காத றெஃபறி" என்று பட்டமே வைத்துவிட்டார்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை. ஒனிஹங்காவில் ஓர் ஆட்டம். என் மனுசன் அந்த வயதிலும் தொந்தியைத் தூக்கிக்கொண்டு எங்கள் தமிழ்க் கழகத்துக்குப் பந்தடிக்கப் போவார். நான் காவலுக்குப் போனேன், எலும்பு முறிந்தால் அள்ளிக்கொண்டு வர ஆள் வேண்டுமே. வாசலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்றார், கோட்டு நிறையப் பதக்கம். கழுத்தில் தொங்கிய தட்டில் சிவப்புத் துணிப் பூக்கள், பக்கத்தில் உண்டியல். நானும் சில்லறை போட்டேன். ஒரு பூ தந்தார். பூவைக் கையில் தந்தால் தமிழ்ப் பெண் என்ன செய்வாள்? கொண்டையில் செருகினேன்.

கிழவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் ஏதோ அவருடைய கல்லறையில் ஏறி நின்று ஆடியது போல. முகம் சிவந்து, இது அலங்காரப் பூ இல்லை, சண்டையில் செத்தவர்களுக்கு நெஞ்சில் குத்துகிற பூ என்று கத்தினார். நான் பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் ஜெயரட்ணம் அண்ணை வந்துவிட்டார். "ரதி, எடும் பிள்ளை. உது செத்தவைக்கு" என்றார். செத்தவர்களுக்குக் குத்தும் பூவைக் கொண்டையில் வைத்த ஒரே சீவன் இந்த நாட்டில் நானாகத்தான் இருப்பேன். வெட்கத்தில் பூவைக் கொண்டையிலிருந்து பிடுங்கி எடுத்தேன்.

அவரும் உண்டியலில் காசு போட்டார். பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கிழவரிடம், இது யாருக்கென்று குத்த வேண்டும் என்று கேட்டார். கிழவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். எங்கே சண்டை, எந்தப் பக்கம் என்று ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு என்று மட்டும் சொன்னார். ஜெயரட்ணம் அண்ணை பூவைத் தன் கையாலேயே கறுப்புச் சட்டையில் குத்திக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினார். ஆட்டம் முடியும்வரை அது நெஞ்சில் இருந்தது. அதை இன்னொருவரும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்தான் எங்கள் கழகத்துத் தலைவர் சோதிலிங்கம்.

சோதிலிங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கியில் வேலை, வெயிலிலும் மழையிலும் கழுத்துப்பட்டி. நல்லது ஒன்றும் செய்யாத ஆள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். முந்தின வருசம் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து சனம் மரத்துக்குக் கீழே கிடந்தபோது, இந்த ஊரில் காசு சேர்க்க வாளி தூக்கி முதலில் வீடு வீடாக நடந்தவர் அவர்தான். அவருடைய மருமகப் பெடியனும் அங்கே யுத்தத்தில் செத்தவன். ஆனால் நாலு பேர் "தலைவர்" என்று கூப்பிடத் தொடங்கியதும் மனுசனுக்குத் தலைக்குள் காற்றுப் போய்விட்டது. யார் நல்ல தமிழன், யார் கெட்ட தமிழன் என்று தராசு பிடிக்கிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு யூலையிலும் கழகம் ஒரு சுற்றுப்போட்டி நடத்தும். ஊரில் பந்தடித்து, யுத்தத்தில் செத்துப்போன பெடியளின் நினைவுக் கிண்ணம். இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அவர்களுடைய பெயர்களை மைக்கில் வாசிப்பார்கள், ஒரு நிமிடம் எல்லாரும் எழும்பி நிற்பார்கள், வாளி சுற்றும். சேருகிற காசு அகதி முகாம்களுக்குப் போகும். அந்த வருசத்து ஆயத்தக் கூட்டம் சோதிலிங்கத்தின் கராஜில் நடந்தது. பெண்கள் நாங்கள் ஒரு மூலையில் இருந்து சிவப்பும் மஞ்சளுமாகக் கடுதாசிப் பூ வெட்டினோம். வாசலில் வாளியில் காசு போடுகிறவருக்கு ஒரு பூ. யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்கவே தேவையில்லை.

"வெள்ளையன்ர முறை நல்ல முறை" என்றார் சோதிலிங்கம். "காசும் சேரும். பூக் குத்தாதவன் ஆரெண்டு தூரத்திலயே தெரியும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறியள் சோதியண்ணை? றோல்ஸ் குடுக்கமாட்டியளோ?" என்று கேட்டேன். மாச் சுருளுக்குள் இறைச்சி வைத்துப் பொரிக்கிற றோல்ஸ் கடை சுற்றுப்போட்டியில் என்னுடையது. நாலு பெண்கள் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து மௌன அஞ்சலி. முந்தின வருசம் அது பெரிய கூத்தாகிவிட்டது. பெயர்களை வாசிக்கும்போதே ஒருபக்கம் சனம் தேத்தண்ணி குடித்தது, இன்னொரு பக்கம் கிறிக்கெற் கதை நடந்தது. நிமிடம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் சோதிலிங்கம் புதிய ஒழுங்கு சொன்னார். "இந்த முறை விசிலோட தொடங்கி விசிலோட முடியும். மற்ற விசில் கேக்கும்வரைக்கும் ஒரு குருவி அசையப்படாது. மைக்கிலயும் சொல்லுவன்." எல்லாரும் தலையாட்டினார்கள். விசில் யாரிடம் இருக்கும்? மூலைக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்த ஜெயரட்ணம் அண்ணையிடம்தான். மைதானம் வாடகைக்கு வேண்டுமென்றால் பதிந்த மத்தியஸ்தர் ஒருவர் இருக்க வேண்டும். எங்கள் சனத்தில் அவரை விட்டால் வேறு ஆளில்லை.

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். "சோதி, இந்த முறை யசியின்ர பேரையும் வாசிக்க வேணும்."

கராஜுக்குள் கத்திரிக்கோல் சத்தம்கூட நின்றுவிட்டது. யசி என்றால் யசீகரன், ஜெயரட்ணம் அண்ணையின் ஒரே தம்பி. ஊர் அணியில் முன்வரிசை ஆட்டக்காரன், இடது காலால் அடித்தால் வலை கிழியும் என்பார்கள். அந்த அணிக்கு அப்போது கோல் காத்தவர் வேறு யாரும் இல்லை, இந்தச் சோதிலிங்கம்தான். யசியும் அவரும் ஒரே வகுப்பு, ஒரே சைக்கிளில் இரண்டு பேராகப் போனவர்கள். யசி ஒரு சின்ன விடுதலை இயக்கத்தில் சேர்ந்தான். எண்பத்தாறில் பெரிய இயக்கம் சின்ன இயக்கங்களைத் தடை செய்தது. ஒருநாள் பின்னேரம் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போனவன் உயிரோடு திரும்பவில்லை. பெரிய இயக்கத்தின் பக்கம் நின்ற எங்கள் சனத்தில், அதற்கு மேல் ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அந்தப் பெயர் வந்தாலே பேச்சு மழைக்கும் வீட்டு மோட்கேஜுக்கும் திரும்பிவிடும்.

"அண்ணை" என்றார் சோதிலிங்கம். குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியாதே யசியை? ஆனா அந்தப் பேரை மைக்கில வாசிச்சா சனம் எழும்பிப் போயிடும். வாளியில ஒரு சதம் விழாது. முகாமில கிடக்கிற சனத்தைக் கொஞ்சம் யோசியுங்கோ."

"அவனும் பந்தடிச்சவன். அவனும் செத்தவன்."

"எப்பிடிச் செத்தவன் எண்டு ஒண்டு இருக்கெல்லே?"

"ஓம். இருக்கு" என்றார் ஜெயரட்ணம் அண்ணை.

அந்த ஒரு சொல்லில் சோதிலிங்கத்துக்குச் சூடு ஏறிவிட்டது. கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "அண்ணை, நீங்கள் ஒவ்வொரு வருசமும் எங்கட நாளில ஒண்டும் குத்தமாட்டியள். கேட்டா மத்தியஸ்தர் உடுப்பில ஒண்டும் இருக்கப்படாது, சட்டம் எண்டுவியள். ஏப்ரலில வெள்ளையன்ர ஆமிக்காரனுக்குப் பூக் குத்திக்கொண்டு ஓடினியள், நான் கண்ணால கண்டனான். அப்ப எங்க போனது சட்டம்? வெள்ளையன் செத்தால் செத்தவன், எங்கட பெடியன் செத்தால் நாயோ?"

"அந்தக் கிழவன் ஆருக்கெண்டு கேக்கேல்லை. எந்தப் பக்கமெண்டும் கேக்கேல்லை. நான் யசிக்குக் குத்தினனான்."

"இஞ்ச அப்பிடிக் குத்தேலாது!" என்று பொருளாளர் சுந்தரம் இடையில் பாய்ந்தான். சோதிலிங்கம் தும்மினால் இவன் மூக்குத் துடைப்பான். "பேரில்லை எண்டா இல்லை. விருப்பமில்லாட்டி ஊத வேண்டாம், வேற ஆள் பாப்பம்." வேறு ஆள் இல்லை என்பது அவனுக்கே தெரியும். ஆட்டத்தை நிறுத்திவிடுவாரோ என்று எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நான் மனதுக்குள் நிறுத்து, நிறுத்து, இவங்கட கிண்ணமும் வேண்டாம் மண்ணும் வேண்டாம் என்று சொல்லு என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அவர் எழும்பிக் கதிரையை மடித்துச் சுவரோடு சாத்தினார். "ஊதுறன். பந்து ஒரு பாவமும் செய்யேல்லை" என்றார். கதவடியில் நின்று திரும்பி, "முதல் விசிலுக்குத் தொடங்கும், மற்ற விசிலுக்கு முடியும். அப்பிடித்தானே சோதி?" என்று கேட்டார்.

"ஓம், அதுதான் ஒழுங்கு" என்றார் சோதிலிங்கம். தப்பினோம் என்ற நிம்மதியில் சொன்னார்.

அவருடைய கார் பழுது, நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். காருக்குள் ஏறியதும் வெடித்தேன். "உங்களுக்குச் சூடு சொரணை கிடையாதோ அண்ணை? அவங்கள் மூஞ்சையில துப்பாத குறை. நீங்கள் கதிரையை மடிச்சு வைச்சிட்டு வாறியள்! ஒரு பூவெண்டாலும் குத்தித் துலைச்சிருந்தா அவன்ர வாயை அடைச்சிருக்கலாமெல்லே?" அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது, ஒனிஹங்கா கடைத்தெருவில் கடைகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த நாள் காலமை நான்தான் போய் அவிட்டது" என்றார் திடீரென்று.

"எதை?"

"தம்பியை. உடம்பை லைற் போஸ்ற்றில கட்டியிருந்தவங்கள். நெஞ்சில ஒரு மட்டை. பிஸ்கற் பெட்டி கிழிச்ச மட்டை, ஒருபக்கம் படம்கூட இருந்தது. மற்றப் பக்கம் பெரிய எழுத்தில 'துரோகி' எண்டு. சட்டையோட ஊசியால குத்தியிருந்தது, நாலு மூலையிலயும், வடிவா, கோணாமல். சனம் சுத்திவர நிண்டு பாத்தது. அவனோட பந்தடிச்ச பெடியளும் நிண்டவங்கள். ஒருத்தரும் கிட்ட வரேல்லை. நான்தான் ஊசியை ஒவ்வொண்டாக் கழட்டினன்."

நான் காரின் வேகத்தைக் குறைத்தேன்.

"அவங்கள் கையால என்ர நெஞ்சில ஒண்டும் குத்த விடமாட்டன், ரதி. மற்றது, இன்னொருத்தன்ர முகத்துக்கு முன்னால, நாலு சனம் பாக்க, மட்டையைத் தூக்க எனக்குக் கை எழும்பாது. நீங்கள் எல்லாரும் பகிடி பண்ணுறியள், பரவாயில்லை. எனக்கு வேறொண்டும் வேண்டாம். அவன்ர பேர் ஒருக்கா மைதானத்தில கேக்க வேணும். அவ்வளவுதான்."

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அழுகை பாதி, ஆத்திரம் பாதி. அவர் அழவில்லை. வீட்டுக்குப் போக நேரமாகுது, குணவதி தேடுவாள் என்றார்.

சுற்றுப்போட்டி நாளன்று மழை. யூலை மாதத்து ஒக்லாந்து மழை பற்றித் தெரியாதவர்களுக்குச் சொன்னால் விளங்காது. அது பெய்யவும் மாட்டாது, விடவும் மாட்டாது. மைதானம் முழுக்கக் களி. நான் கூடாரத்துக்குள் அடுப்பை மூட்டி எண்ணெய்ச் சட்டியை வைத்தேன். வாசலில் சுந்தரம் வாளியோடு நின்று, காசு விழ விழப் பூக் குத்தினான். இறுதி ஆட்டத்துக்கு ஜெயரட்ணம் அண்ணை வந்தபோது, எல்லாரும் பார்க்கும்படி அவர் நெஞ்சுக்கு நேரே ஒரு பூவையும் ஊசியையும் கொண்டுபோனான். அண்ணை அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"குத்தாதை."

"எல்லாரும் குத்தினது அண்ணை. நீங்கள் மட்டும் என்ன பெரிய—"

"குத்தாதை எண்டனான்." அவன் கையை விட்டுவிட்டு, மற்றக் கையால் வாளிக்குள் ஒரு தாளைப் போட்டார். "காசு முகாமில இருக்கிற சனத்துக்கு. பூவை நீ வைச்சிரு."

இரண்டு அணிகளும் நடுக்கோட்டில் வரிசையாக நின்றன. ஒவ்வொருவன் நெஞ்சிலும் நனைந்து சாயம் வழிகிற கடுதாசிப் பூ. நடு வட்டத்தில் பூவில்லாமல் நின்றது ஜெயரட்ணம் அண்ணை மட்டும்தான். சனம் குசுகுசுத்தது. "பாரன், ஆளுக்கு எவ்வளவு திமிர்" என்று என் கூடாரத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்ற ஒரு மனிசி சொன்னாள். உனக்குச் சீனி காணுமோ, இல்லாட்டி இன்னும் கொஞ்சம் வாயில கொட்டவோ என்று கேட்டேன். அவள் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

சோதிலிங்கம் மைக்கில் ஒழுங்கைச் சொன்னார். "மத்தியஸ்தரின் முதலாவது விசிலுடன் மௌன அஞ்சலி ஆரம்பமாகும். இரண்டாவது விசில் ஒலிக்கும்வரை எவரும் அசையவோ பேசவோ கூடாது. எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதை இது." அடுத்துப் பெயர்களை வாசித்தார். முதலில் அவருடைய மருமகன். சொல்லும்போது குரல் உடைந்தது, அது நடிப்பில்லை. பிறகு மற்றவர்கள், ஒவ்வொருவனும் எந்த இடத்தில் ஆடினான் என்பதோடு. முன்வரிசை ஆட்டக்காரர்கள் வந்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். அவர் ஒரு கணம் நின்றார், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. பிறகு தாளை மடித்துவிட்டார்.

விசில் ஒலித்தது. மைதானம் அடங்கியது. மழை கூடாரத் துணியில் விழும் சத்தமும் என் எண்ணெய்ச் சட்டியின் சத்தமும் மட்டும். கோதாரி, அடுப்பைக் குறைக்காமல் நின்றுவிட்டேன். றோல்ஸ் சட்டிக்குள் பொரிந்துகொண்டிருக்கிறது. ஒரு நிமிடம்தானே என்று பொறுத்தேன். ஒரு நிமிடம் போனது. றோல்ஸ் பொன்னிறம் கடந்து மண்ணிறமானது. விசில் வரவில்லை.

சனம் கடைக்கண்ணால் ஒருவரையொருவர் பார்த்தது. ஜெயரட்ணம் அண்ணை நடு வட்டத்தில் நேரே நின்றார். விசில் வாயில் இருக்கவில்லை, நெஞ்சில் தொங்கியது. கைகள் முதுகுக்குப் பின்னால். முகத்தில் மழை ஓடியது. ஊதினால் முடியும், ஊதாவிட்டால் முடியாது, அவ்வளவுதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். இவர் ஊதாமலே கெடுத்தார். இந்த நிமிடம் யசிக்கு என்று விளங்கியதும் அடுப்புப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். என்ர றோல்ஸ் கருகிச் சாம்பலாகட்டும், ஊதாதை அண்ணை என்று நினைத்தேன்.

"நன்றி. ஆட்டத்தை ஆரம்பிக்கலாம்" என்றது மைக். ஒருவரும் அசையவில்லை. ஆட்டக்காரர்கள் விசிலைப் பார்த்தார்கள். விசிலில்லாமல் அசையக்கூடாது என்று சற்று முன் சொன்னதும் அதே மைக்தானே? சோதிலிங்கம் இன்னொரு முறை சொன்னார். குரல் கொஞ்சம் கீச்சிட்டது. யாரோ இருமினார்கள், அதோடு அடங்கிவிட்டார்கள். கருகல் மணம் மைதானம் முழுவதும் பரவியது.

பொறுக்க முடியாமல் சோதிலிங்கம் மைதானத்துக்குள் இறங்கினார். பளபளக்கிற சப்பாத்து களியில் புதையப் புதைய நடு வட்டம்வரை போனார். கிட்டப் போய் நின்று ஏதோ சீறினார். "விசிலை ஊதுங்கோ அண்ணை, மரியாதையா ஊதுங்கோ" என்றது அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. ஜெயரட்ணம் அண்ணை வலது கையை முதுகுப் பக்கமிருந்து எடுத்தார். சட்டைப் பைக்குள் விட்டார். பிறகு அந்தக் கை மெல்ல மெல்ல மேலே போனது, தலைக்கு மேலே, முழு நீளத்துக்கு.

சிவப்பு மட்டை.

எங்கள் சனத்தில் ஒருவரும் காணாத சாமான். கோல்காரப் பெடியன் ஒருவன் சிரிக்கத் தொடங்கினான், பக்கத்தில் நின்றவன் அவன் வயிற்றில் இடித்தான். தலைவருக்கு மட்டை காட்டச் சட்டத்தில் இடமே இல்லை என்று பிறகு சுந்தரம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அந்தச் சட்டம் அண்ணைக்குத் தெரியாதா? தெரிந்துதான் தூக்கினார். சோதிலிங்கம் மட்டையைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். சனம் முழுக்க அவரைத்தான் பார்த்தது. ஒருவரும் உதவிக்குக் கிட்ட வரவில்லை. அவர் திரும்பினார். வந்த வழியே, அந்தக் களியில், ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி, எல்லைக்கோடுவரை நடந்தார். நடந்து முடிய நெடுநேரம் எடுத்தது.

அவர் கோட்டைத் தாண்டியதும் ஜெயரட்ணம் அண்ணை மட்டையைக் கீழே இறக்கினார். "யசீகரன்" என்றார். கத்தவில்லை, வீட்டில் ஆளைக் கூப்பிடுகிற குரல்தான். மைதானத்தின் நாலு மூலைக்கும் கேட்டது. எனக்குப் பின்னால் நின்ற வயதான மனுசர் ஒருவர் தொப்பியைக் கழற்றி, "இடது கால்காரன்" என்று தனக்குள் சொன்னார். அதன் பிறகுதான் விசில் ஒலித்தது.

அந்த ஆட்டத்தை அவர் கடைசிவரை நடத்தினார், ஒரு பிழை விடாமல். மட்டை திரும்பப் பைக்குள் போனது போனதுதான். அடுத்த வருசம் அவரைக் கூப்பிடவில்லை. எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்காரனைக் கூலிக்குப் பிடித்தார்கள். கோயிலில் கண்டால் சிலர் முகத்தைத் திருப்பினார்கள். குணவதி அக்காவைக் கலியாண வீடுகளுக்குச் சொல்லாமல் விட்டார்கள். அந்த ஆட்களின் பெயரெல்லாம் எனக்குத் தெரியும், ஒன்றையும் மறக்கமாட்டேன். வாளியில் அன்று விழுந்த காசு முந்தின வருசத்தைவிடக் குறையவில்லை என்பதையும் இதில் சொல்லிவைக்கிறேன், சோதிலிங்கம் அதைச் சொல்லமாட்டார்.

ஆனால் அன்று பின்னேரம் நடந்ததுதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆட்டம் முடிந்து சனம் கலைந்துவிட்டது. அண்ணை என் கூடாரத்துக்குள் வாங்கில் இருந்து சப்பாத்துக் களியை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் கருகிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சோதிலிங்கம் உள்ளே வந்தார். கழுத்துப்பட்டி இல்லை, காற்சட்டை முழங்கால்வரை களி. பூ மட்டும் நெஞ்சில் நனைந்து ஒட்டியிருந்தது. அடிக்கப் போகிறாரோ என்று நான் சட்டியை இறுக்கிப் பிடித்தேன்.

"என்ர மருமகன்ர நாளில" என்றார். "என்ர பிள்ளையள் பாக்க, முழுச் சனமும் பாக்க, எனக்கு மட்டை காட்டிப்போட்டியளே அண்ணை. என்னை ஒரு நாயாக்கிப் போட்டியளே. இனி நான் எப்பிடி இந்தச் சனத்துக்கு முன்னால தலை நிமிர்ந்து போறது?"

ஜெயரட்ணம் அண்ணை குச்சியைக் கீழே வைத்தார். சோதிலிங்கத்தின் நெஞ்சில் இருந்த பூவைப் பார்த்தார், அதைக் குத்தியிருந்த ஊசியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

"நீ நடந்துதானே வெளியால போனாய், சோதி" என்றார்.